அப்பாவின் கை செய்வது அப்பா செய்வதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. காசிமேட்டில் வலை பின்னும் வேலை பார்த்தவர். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது காலில் இருந்த பலவீனம் பெருமளவு சரியாகிவிட்டது. ஆனால் வலது கை தானாகவே பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்தால் விடுவதில்லை. இடது கையால் அவரே விரல்களைப் பிரித்தெடுக்கிறார். கேட்டால், “நான் பண்ணலம்மா, அதுவா பண்ணுது” என்கிறார். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் முந்தானையைப் பிடித்துவிட்டார், பெரிய தகராறாகிவிட்டது. மற்ற நேரமெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால்தான் சாப்பிடுவார், சொன்னால்தான் குளிப்பார். ஆனால் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தால் மணிக்கணக்கில் வலை பின்னுகிறார். அதனால் எல்லாம் வேண்டுமென்றே செய்கிறார் என்பது அம்மாவின் முடிவு. அத்தை காற்றுக் கருப்பு என்று தாயத்துக் கட்டியிருக்கிறார். தம்பியோ, மனிதன் எதையுமே தீர்மானிப்பதில்லை, மூளைதான் முன்கூட்டியே தீர்மானிக்கிறது என்று ஒரு வீடியோவைக் காட்டுகிறான். யார் சொல்வது உண்மை? ஸ்கேன் அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.
– ஒரு மகள், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா சொல்வதுதான் உண்மை. நேரில் பார்க்காமல் எந்த நோயையும் உறுதி செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் நீங்கள் விவரித்திருப்பதும் ஸ்கேன் அறிக்கையில் இருப்பதும் இவ்வளவு தெளிவாக ஒன்றோடொன்று பொருந்தும்போது, அவரைக் குற்றவாளியாகவோ நடிப்பவராகவோ பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள் என்று உங்கள் வீட்டாரைக் கேட்டுக்கொள்ள நான் தயங்கவில்லை. இந்த நிலைக்கு ‘அந்நியக் கை’ என்று பெயர். மருத்துவமனைக் குறிப்புகளில் ‘ஏலியன் ஹேண்ட் சிண்ட்ரோம்’ என்று எழுதியிருப்பார்கள். ஜெர்மானிய மருத்துவர் கர்ட் கோல்ட்ஸ்டைன் 1908-லேயே, தன் இடது கை தன் கழுத்தையே பிடித்து நெரிக்கிறது என்று சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிதான நிலைதான், ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் அறிந்தது.

அறிக்கையின்படி, இடதுபுற முன்பெருமூளைத் தமனியில் அடைப்பு ஏற்பட்டு, அது இரத்தம் கொடுக்கும் பகுதி சேதமடைந்திருக்கிறது. மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் உட்புறச் சுவர்களை ஒட்டி இந்தத் தமனி ஓடுகிறது. காலை இயக்கும் பகுதி அந்த உட்சுவரின் உச்சியில் இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்கு முதலில் கால் தளர்ந்தது. கையை இயக்கும் பகுதியோ மூளையின் வெளிப்புறத்தில், பெரும்பாலும் வேறொரு தமனியின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆகவே கையின் பலம் குறையவில்லை. அந்தப் பலத்தை எப்போது பயன்படுத்துவது, எப்போது அடக்கி வைப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும் ‘துணை இயக்கப் பகுதி’ என்ற இடம் அதே உட்சுவரில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ‘முன் சிங்குலேட்’ என்ற பகுதி. அதற்கும் கீழே இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலம். இந்த மூன்றையும் அந்த ஒரே தமனி நனைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அப்பாவிடம் நீங்கள் காணும் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைக்கும்.

அம்மாவின் வாதத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் கூர்மையான கவனிப்பு இருக்கிறது. சொன்னால்தான் குளிக்கிறவர், ஊசியைக் கையில் கொடுத்தவுடன் கண்ணி தவறாமல் பின்னுகிறார் என்றால், முடியாதவர் அல்ல, மனமில்லாதவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அம்மா நடிப்புக்குச் சாட்சியாகக் காட்டும் இதுவே நோய்க்கு மிக வலுவான சாட்சி. நாம் ஒரு செயலைத் தொடங்குவதற்கு மூளையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வெளியே எந்தத் தூண்டுதலும் இல்லாமல் நாமாகவே ‘எழுந்து குளிக்கலாம்’ என்று நினைத்து எழுவது. இது உட்சுவரில் உள்ள துணை இயக்கப் பகுதியையும் அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியையும் பெரிதும் சார்ந்தது. மற்றொன்று, கண்ணெதிரே ஒரு பொருள் இருந்து, அதைப் பார்த்த மாத்திரத்தில் கை அதற்கேற்பத் தயாராவது; இது மூளையின் வெளிப்புறத்தில், பின்மேல் பகுதியான பரைட்டல் மடலிலிருந்து முன்னோக்கிச் செல்லும் இணைப்புகளால் நடப்பது. இரண்டும் முற்றிலும் தனித்தனியானவை அல்ல என்றாலும், எதற்கு எது முக்கியம் என்ற வேறுபாடு உறுதியாக நிலைநாட்டப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தானாக விரலை அசைப்பதற்கு முன்பே தலையின் மேற்பரப்பில் மெல்ல எழும் ஒரு மின்னலையைப் பதிவு செய்தார்கள். அதன் தொடக்கப் பகுதி பெரிதும் இந்த உட்சுவர்ப் பகுதியிலிருந்தே வருகிறது. வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையாகத் துணை இயக்கப் பகுதியில் சிறு மின்தூண்டல் கொடுத்தபோது, சிலர் கையை அசைக்க வேண்டும் என்ற உந்துதல் தமக்குள் எழுவதாகச் சொன்னார்கள் என்று 1991-இல் இட்சாக் ஃப்ரைட் குழுவினர் எழுதினர்.

அப்பாவுக்கு முதல் வழி சேதமாகியிருக்கிறது, இரண்டாவது வழி நன்றாக இருக்கிறது. அதுமட்டுமல்ல, உட்சுவரில் உள்ள பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பார்க்கும் பொருளையெல்லாம் பிடித்துவிடாமல் கையை அடக்கி வைப்பது. கதவுக் கைப்பிடி, டீ கிளாஸ், அடுத்தவர் தோளில் தொங்கும் துணி என்று நாள் முழுவதும் நம் கையை அழைக்கும் பொருள்கள் எத்தனையோ. நாம் அவற்றைப் பிடிக்காமல் கடந்து போகிறோம் என்றால், அடக்குகிறோம் என்பதே தெரியாமல் மூளை அடக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அடக்கம் போனால், உள்ளங்கையில் பட்டதையும் கண்ணில் பட்டதையும் கை பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா லெர்மித் 1983-இல் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு நிலையை விவரித்தார்: மூளையின் முன்பகுதி சேதமடைந்த சிலருக்கு முன்னால் ஒரு குவளையையும் தண்ணீரையும் வைத்தால், யாரும் சொல்லாமலே ஊற்றிக் குடிப்பார்கள். உங்கள் அப்பா வலை பின்னுவதும் முந்தானையைப் பிடித்ததும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஊசி கையில் இருக்கிறது, நூல் இருக்கிறது, பின்னிய கண்ணி அடுத்த கண்ணியைக் காட்டுகிறது; ஒவ்வொரு அசைவுக்குமான தூண்டுதலும் கைக்கு வெளியிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. குளியலுக்கு அப்படி ஒன்றும் கண்ணெதிரே இல்லை. குளிக்க வேண்டும் என்பதை உள்ளிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கேதான் அவர் நின்றுவிடுகிறார்.

இனி, “அதுவா பண்ணுது” என்ற அவருடைய சொல்லுக்கு வருகிறேன். கை அசைவது ஒன்று. அதை நான்தான் அசைத்தேன் என்ற உணர்வு வேறொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். தசைக்குக் கட்டளை அனுப்பும்போது மூளை அதன் நகல் ஒன்றைத் தனக்கென எடுத்து வைத்து, அசைவு எப்படி இருக்கும், தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் என்ன தெரியும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்பும் நடந்ததும் ஒத்துப்போனால் ‘நான் செய்தேன்’ என்ற உணர்வு, நாம் கவனிக்காமலே, அந்த அசைவோடு ஒட்டிக்கொள்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம் என்று 1998-இல் லண்டனில் பிளேக்மோர், வோல்பர்ட், ஃபிரித் ஆகியோர் மூளைப் படப்பதிவின் மூலம் காட்டினார்கள். அந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்பதும் அதில் தெரிந்தது. நம் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ்.ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்கள் மற்றொரு கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்க்கும்படி செய்தபோது, இல்லாத கையைத் தாமே அசைப்பதாகச் சிலர் உணர்ந்ததை 1990-களில் விவரித்தார். கண் காண்பதும் மூளை கணிப்பதும் ஒத்துப்போனால், இல்லாத கைகூட என்னுடையதாகிவிடும். ஒத்துப்போகாவிட்டால், இருக்கிற கைகூட அந்நியமாகிவிடும்.

இதை நேரடியாகவே காட்டிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. பிரான்சில் மிஷேல் டெமுர்ஜே குழுவினர், விழித்த நிலையில் மூளை அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட 7 நோயாளிகளில் சிலருக்குப் பரைட்டல் மடலில் மின்தூண்டல் கொடுத்தார்கள். கையை அசைக்க விரும்புகிறேன் என்றார்கள் அவர்கள். தூண்டலைக் கூட்டியதும், அசைத்தே விட்டேன் என்றார்கள். ஆனால் தசையில் சிறு துடிப்புகூட இல்லை. மற்றவர்களுக்கு மூளையின் முன்புறத்தில் உள்ள வேறொரு பகுதியைத் தூண்டியபோது கை உண்மையாகவே அசைந்தது. அசைக்கவே இல்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஜெனீவாவில் 2007-இல் அந்நியக் கை கொண்ட ஒருவரைப் படப்பதிவு செய்தபோது, அவர் விரும்பிக் கையை அசைக்கையில் மூளையின் பல பகுதிகள் ஒன்றாக இயங்கின. கை தானாக அசைந்தபோது, அந்தக் கையை இயக்கும் இயக்கப் பகுதி மட்டும் தனித்து இயங்கியது. உங்கள் அப்பா படப்பதிவு இல்லாமலே அதைத்தான் தன் மொழியில் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் நீங்கள் இரண்டாவதாக, சற்றுத் தயக்கத்தோடு எழுதியிருக்கும் மௌனம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கை தெருவில் தகராறு செய்வதால் எல்லோர் கண்ணும் அதன் மேல் இருக்கிறது. மௌனமாக உட்கார்ந்திருப்பவரால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் இழப்பு அங்கேதான் பெரிது. அமெரிக்காவில் ரயன் டார்பி, மைக்கேல் ஃபாக்ஸ் உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மூளைச் சேதத்துக்குப் பின் பேச்சும் அசைவும் தொடங்காமல் போன 28 பேரையும் அந்நியக் கை, கால் ஏற்பட்ட 50 பேரையும் ஒப்பிட்டார்கள். சேதம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. ஆனால் அந்த இடங்கள் எந்தெந்தப் பகுதிகளோடு இணைந்து இயங்குபவை என்று பார்த்தபோது, முதல் குழுவினரின் சேதங்கள் எல்லாம் முன் சிங்குலேட் பகுதியோடு இணைந்த ஒரு வலையமைப்பிலும், இரண்டாவது குழுவினரின் சேதங்கள் மூளையின் பின்புற உட்சுவரில் உள்ள பிரிகூனியஸ் என்ற பகுதியோடு இணைந்த வேறொரு வலையமைப்பிலும் அடங்கின. செய்ய வேண்டும் என்ற விருப்பம் எழுவது ஒரு வலையமைப்பின் வேலை, செய்தது நான் என்று உணர்வது இன்னொன்றின் வேலை. அப்பாவுக்கு ஒரே அடைப்பில் இரண்டுமே பாதிக்கப்பட்டிருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஆகவே அந்த மௌனத்தைச் சோம்பல் என்றோ, வீட்டார் மேல் கோபம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவதும் உண்டு என்பதால், அவர் அழுகிறாரா, தூக்கம் கெடுகிறதா, வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசுகிறாரா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

தம்பி காட்டிய வீடியோவில் சொல்லப்படுவது பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட பரிசோதனையாக இருக்க வேண்டும். விரலை அசைப்பதற்கு ஏறத்தாழ அரை விநாடி முன்பே மூளை அலை எழத் தொடங்குகிறது, ஆனால் அசைக்க விரும்பியதாக மனிதர்கள் சொல்லும் நேரமோ அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்புதான் என்பது அதன் முடிவு. அலை எழுந்தாலே தீர்மானம் முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் சலனம் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது என்று கொண்டாலே அதே அலை கிடைக்கும் என்று 2012-இல் ஆரன் ஷுர்கர் குழுவினர் காட்டினார்கள். காரணமே இல்லாமல் விரலை எப்போது அசைப்பது என்பதும், மகளின் திருமணத்துக்குச் சீட்டுப் போடலாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதும் ஒன்றல்ல. மேலும், தம்பி சொல்வது போல எல்லோருமே தீர்மானிக்காதவர்கள் என்றால், அப்பாவின் வலது கைக்கும் இடது கைக்கும் வேறுபாடே இருந்திருக்காது. அவர் இடது கையால் வலது கையின் விரல்களைப் பிரித்தெடுக்கிறார் அல்லவா? அங்கே அவருடைய விருப்பம் முழுமையாக இருக்கிறது. கேட்டால், அதை ‘நான் செய்கிறேன்’ என்றுதான் சொல்வார்.

ரேஷன் கடையில் நடந்தது பற்றி. அப்பா மேல் தவறில்லை. ஆனால் அந்தப் பெண் அடைந்த அதிர்ச்சியும் உண்மையானது, அதைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. அம்மாவும் நீங்களும் நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, நோயை விளக்குங்கள். சிகிச்சை அளிக்கும் நரம்பியல் மருத்துவரிடம், கை கட்டுப்பாடின்றிப் பிடிக்கும் நிலை இவருக்கு உண்டு என்று தமிழில் ஒரு சான்று எழுதி வாங்கி, அவர் சட்டைப் பையில் வையுங்கள். வெளியே அழைத்துச் செல்லும்போது நீங்கள் அவருக்கு வலதுபுறம் நடங்கள்; வலது கையில் ஒரு பையையோ கைத்தடியையோ கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒன்றைப் பிடித்திருக்கும் கை இன்னொன்றைத் தேடுவது குறையும். தகராறுக்குப் பயந்து அவரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டாம்.

ஆபத்து எங்கே என்று கேட்டால், நான் முதலில் பேருந்தைத்தான் சொல்வேன். ஏறும்போது பிடித்த கம்பியை இறங்கும்போது கை விடாமல் போனால், கால் கீழேயும் கை மேலேயுமாக அவர் இழுபடுவார். ஷேர் ஆட்டோவிலும் இதே அபாயம் உண்டு. இப்போதைக்குத் துணையில்லாமல் பயணம் வேண்டாம். வண்டி ஓட்டவே கூடாது. வீட்டில் அடுப்பு, கத்தி, கொதிக்கும் பாத்திரம் ஆகியவை அவருடைய வலதுபுறம் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. நம் பகுதி வீடுகளில் சமைப்பதும் உட்காருவதும் பெரும்பாலும் ஒரே அறையில் என்பதால், அவர் உட்காரும் இடத்தையே மாற்றிச் சுவர் வலதுபுறம் வரும்படி செய்யுங்கள். கை எதையாவது பிடித்துக்கொண்டால் அந்தப் பொருளை இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கப் பிடி இறுகும். மணிக்கட்டை மெதுவாக உட்பக்கமாக மடக்குங்கள், விரல்கள் தளரும். புறங்கையைத் தடவிக் கொடுப்பதும் சிலருக்கு உதவும். கையைத் திட்டுவதோ அடிப்பதோ கட்டிப் போடுவதோ வேண்டாம். இரவில் தூக்கம் கெட்டால் தடிமனான துணி உறை ஒன்றை மாட்டிவிடலாம்.

வலை பின்னுவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.  அது அவருக்குத் தெரிந்த வேலை மட்டுமல்ல, இப்போது அவருக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த பயிற்சியும்கூட. நூல் அறுக்கும் கத்தியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைகளுக்கும் அதே வழியைப் பின்பற்றலாம். அடுக்களையிலிருந்து “போய்க் குளிங்க” என்று குரல் கொடுப்பதைவிட, துண்டைத் தோளில் போட்டு, வாளியருகே அழைத்துச் சென்று, குவளையைக் கையில் கொடுத்தால் மீதியை அவரே செய்வார். தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் நடந்தால் இன்னும் எளிதாகும்.

அத்தை கட்டிய தாயத்து அவர் கழுத்திலேயே இருக்கட்டும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பேயோட்டுகிறோம் என்று புகை போடுவதும் அடிப்பதும் பட்டினி போடுவதும் நடக்கவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே நரம்பியல் பிரிவில் காட்டி, இயன்முறைப் பயிற்சியோடு தொழில்வழிச் சிகிச்சையும் (ஆக்குபேஷனல் தெரபி) தேவை என்று கேளுங்கள். அடிக்கடி அழைத்துச் செல்ல முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சைக்கு உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கலாம். பக்கவாதத்தால் வந்த அந்நியக் கை பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. சிலருக்கு, களைப்பாக இருக்கும்போதோ கவனம் வேறெங்கோ இருக்கும்போதோ மட்டும் தலைகாட்டும் அளவுக்கு மிஞ்சுகிறது. இதற்கென்று உறுதியான மாத்திரை எதுவும் இல்லை. குறைவதற்கு மாறாக நாளாக ஆகக் கை விறைத்து மோசமானால், அது வேறு நோயாக இருக்கலாம் என்பதால் மறுபடி ஆராய வேண்டும். ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் அது வலிப்பாக இருக்கலாம். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்குப் போவதற்கு முன், கை தானாகப் பிடிப்பதையும் இடது கை அதை விடுவிப்பதையும் அப்பாவின் சம்மதத்தோடு மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் உட்காரும்போது கை அமைதியாக இருந்துவிட வாய்ப்பு உண்டு. அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த வலை ஊசியைப் பற்றி அவர் கவனித்ததை அவர் வாயாலேயே மருத்துவரிடம் சொல்லட்டும்.